ஆறு பக்க முன்கதை, ஆட்டத்தில் ஒரு வரிகூட வரவில்லை: பழுது எங்கே?

சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு, டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் எங்கள் அறை திறக்கும். சிங்கப்பூரில் இருப்பவருக்கு அப்போது மணி பத்து, கொட்டாவியோடு வருவார். டொராண்டோக்காரருக்குக் கோடையில் காலை பத்து, குளிர்காலத்தில் ஒன்பது, காபியோடு வருவார். ரோல்20 என்ற இணைய ஆட்ட மேசையில் வரைபடத்தை ஏற்றி, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி மூன்று மணி நேரம் ஆடுவோம். பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அவ்வப்போது வேறு ஏதாவது. ஜிஎம், அதாவது கதையை நடத்தி மற்ற ஆட்களுக்கெல்லாம் குரல் கொடுக்கும் கேம் மாஸ்டர், வேலை என்னுடையது.

இத்தனை நாளில் என் காதுக்கு அதிகம் வந்த புகார்கள் பகடையைப் பற்றியோ விதிகளைப் பற்றியோ அல்ல. முன்கதையைப் பற்றித்தான். கதாபாத்திரம் ஆட்டத்துக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன் அதன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று பிளேயர் எழுதிக் கொடுப்பாரே, அது. "எழுதினேன், ஜிஎம் கண்டுகொள்ளவே இல்லை" என்பார் ஒருவர். "கண்டுகொண்டார், அதுதான் பிரச்சினை" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். ஆகவே, வண்டி ரிப்பேர் பார்ப்பதுபோல் சத்தத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கலாம் என்று இதை எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன் எல்லாருக்கும் பொதுவான ஒரு சோதனை. முன்கதையைத் திறந்து வைத்துக்கொண்டு, நாளைக்கே வந்து கதவைத் தட்டக்கூடிய விஷயங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்: உயிரோடு இருக்கும் ஆள், அடைக்காத கடன், விடை தெரியாத கேள்வி, திரும்பிப் போக முடியாத ஊர். ஒன்றுமே தேறவில்லை என்றால் பழுது எழுத்தில். தேறியும் ஆட்டத்தில் வரவில்லை என்றால் பழுது ஜிஎம் பக்கம். வந்து, அதனால் மனஸ்தாபம் ஆனது என்றால் இரண்டு பேரும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

அறிகுறி: பக்கம் பக்கமாக எழுதினேன், எதுவுமே ஆட்டத்தில் வரவில்லை

இதுதான் அதிகம் பார்க்கும் கேஸ். ஜிஎம் சோம்பேறி என்று பிளேயர் நினைத்துக்கொள்வார். பல நேரம் ஜிஎம் உட்கார்ந்து படித்திருப்பார், ரசித்துமிருப்பார். ஆனால் பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடி இருந்திருக்காது.

எனக்கு ஒருமுறை வந்த ஆறு பக்கத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். டோர்கன் என்ற குள்ள இனத்துக் கொல்லன். புயலடித்த இரவில் பிறக்கிறான். அம்மா சீக்கிரம் போய்விடுகிறாள். அப்பா சுத்தியல் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். ஒரு படைத்தலைவன் வந்து ஊரை எரிக்கிறான், அப்பாவும் அதில் போகிறார். பத்து வருடம் தேடி அலைந்து டோர்கன் அந்தப் படைத்தலைவனைக் கொல்கிறான். சுத்தியலை ஆற்றில் எறிந்துவிட்டுக் கண்காணாத தேசத்துக்கு நடக்கிறான். நடை நன்றாகவே இருந்தது. ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எதிரி செத்தாயிற்று. அப்பா இல்லை. சுத்தியல் ஆற்றில். பழியும் வாங்கியாயிற்று. ஆள் எங்கள் மேசைக்கு வரும்போதே அவன் கதை முடிந்திருந்தது.

இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசி அதை இப்படி மாற்றினோம்:

"டோர்கன், கொல்லன். ஊரை எரித்தவனைக் கொன்றுவிட்டதாக நினைக்கிறான். ஆற்றில் விழுந்ததைத்தான் பார்த்தான், உடலைப் பார்க்கவில்லை. தங்கை பிரெனா துறைமுகத்தில் சாராயக்கடை நடத்துகிறாள். அவளுக்கு 40 பொற்காசு கொடுக்க வேண்டும். அப்பாவின் சுத்தியலில் பொறித்திருந்த எழுத்தை அவனால் கடைசிவரை படிக்க முடியவில்லை. அன்றிரவு ஊர்க் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டது யார் என்பது இன்றுவரை தெரியாது."

அவ்வளவுதான். ஒரு பத்தி. இதில் நான் முதலில் எடுத்தது எது தெரியுமா? பழிவாங்கலும் இல்லை, சுத்தியலும் இல்லை. அந்த 40 காசு. இரண்டாவது செஷனிலேயே இவர்களுக்கு ஒரு கப்பல் தேவைப்பட்டது. துறைமுகத்தில் எல்லா மாலுமியையும் தெரிந்தவள் பிரெனா. உள்ளே நுழைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "காசு எங்கே?" எல்லாரும் சிரித்தார்கள். டோர்கன் 15 கொடுத்தான், மீதியை அடுத்த பயணத்தில் தருவதாகச் சொன்னான். அந்த 25 காசு நாலு மாதம் ஓடியது. புதையல் கிடைக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் "முதலில் தங்கச்சி கடனை அடை" என்பார்.

ஆக என் கணக்கு இது: அரைப் பக்கம் போதும். உயிரோடு இருக்கும் பெயர் இரண்டு. ஒருவருக்கு உங்கள் பாத்திரத்தைப் பிடிக்கும், இன்னொருவருக்குப் பிடிக்காது. ஒரு கடன், பணமாகவும் இருக்கலாம், நன்றிக்கடனாகவும் இருக்கலாம். உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வி. மீதி ஐந்தரைப் பக்கத்தையும் எழுதுங்கள், தப்பில்லை; பாத்திரத்தின் குரல் பிடிபட அது உதவும். ஆனால் அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎம்மிடம் கொடுப்பது அந்த அரைப் பக்கம்.

சில ஆட்டங்களில் இந்தக் கைப்பிடியை விதியே மாட்டிவிடுகிறது. ஃபேட் ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு 'தொல்லை' எழுதியே ஆக வேண்டும். ஜிஎம் அதைக் கிளறிச் சிக்கல் உண்டாக்கினால், ஒப்புக்கொள்ளும் பிளேயருக்கு ஒரு ஃபேட் பாயிண்ட் கிடைக்கும். அதாவது பழைய வினை வந்து கழுத்தைப் பிடித்தால் கூலி உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் குணம், லட்சியம், பந்தம், குறை என்று சில வரி எழுதச் சொல்வார்கள். அவற்றில் ஜிஎம்முக்கு நிஜமாகவே உதவுவது பந்தம். லட்சியத்தை வைத்துக்கொண்டு காட்சி அமைப்பது கஷ்டம். "என் குருவின் புத்தகத்தை யாரோ திருடிவிட்டார்கள்" என்று பந்தத்தில் எழுதியிருந்தால் அன்றைய செஷனே தயார்.

அறிகுறி: எழுதியவருக்கே ஞாபகம் இல்லை

இது இப்போது புதிதாகப் பரவும் நோய். ஆயிரத்து ஐந்நூறு வார்த்தையில் பளபளவென்று ஒரு முன்கதை வரும். மூன்றாவது செஷனில் "உன் குருநாதர் பெயர் என்ன?" என்று கேட்டால் மைக்கில் சத்தம் இருக்காது, விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்கும்; ஃபைலைத் தேடுகிறார். ஏஐ எழுதியிருக்கும். எழுதியது யார் என்பதில் எனக்குக் கவலையில்லை. மனதில் நிற்கவில்லை, அதுதான் பழுது.

வைத்தியம் எளிது. எழுதியதை மூடிவைக்கச் சொல்லி, வாயால் ஒரு நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். எது வாயில் வந்ததோ அதுதான் முன்கதை. வராததைத் தூக்கிப்போட்டுவிடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

அறிகுறி: முன்கதையே இல்லை, எழுதவும் மாட்டேன் என்கிறார்

முதலில், இது பழுதே இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட காலத்தில் பாத்திரங்கள் ஈசல் மாதிரி சாகும். ஒரு பொறியில் கால் வைத்தால் போயிற்று. அவனுக்கு உட்கார்ந்து யார் ஆறு பக்கம் எழுதுவார்கள்? பிழைத்துக் கிடந்தால் ஆட்டத்தில் நடந்ததே அவனுடைய வரலாறு ஆகும். அதற்கு நேர் எதிர் 1977-இல் வந்த டிராவலர் ஆட்டம். அதில் பாத்திரத்தின் பழைய பணிக்காலத்தை நாலு நாலு வருடமாகப் பகடை உருட்டியே தீர்மானிக்க வேண்டும். முன்கதை தானாக உருவாகிவிடும். அந்தப் பழைய பதிப்பில் துரதிருஷ்டம் இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே பாத்திரம் செத்துப்போகும். எனக்கு அந்தக் குரூரம் கொஞ்சம் பிடிக்கும்.

எழுதப் பிடிக்காதவரிடம் வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். எல்லாரும் டிஸ்கார்டில் வந்து சேர்வதற்குள் பத்து நிமிடம் வீணாகப் போகுமே, அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இந்த ஊருக்கு முன்னாடி வந்திருக்கிறாயா? யார் உன்னைப் பார்க்கக் கூடாது?" பதில் சொன்னதும் குறித்துக்கொண்டு, அன்றைக்கே அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். நாலு வாரத்தில் அவரிடம் முன்கதை இருக்கும், எழுதிய பாவமும் இருக்காது.

டன்ஜன் வேர்ல்ட் என்ற ஆட்டத்தில் கோடிட்ட இடம் நிரப்பும் முறை ஒன்று உண்டு; நான் அதை எல்லா ஆட்டத்துக்கும் கடன் வாங்கிவிட்டேன். "____ என் உயிரைக் காப்பாற்றியதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை" என்று கொடுத்தால், கோட்டில் சக பிளேயரின் பாத்திரத்தின் பெயரைப் போட வேண்டும். எழுதச் சோம்பல்படுபவர்கூட இதைச் செய்துவிடுவார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் குற்றவாளிப் பின்னணி எடுத்தவருக்கு, நிழலுலகில் நம்பகமான ஒரு தொடர்பு உண்டு என்று விதியிலேயே இருந்தது. அந்த ஆளின் பெயரை மட்டும் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. 2024 பதிப்பில் அந்தச் சலுகைகளை எடுத்துவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான்.

அறிகுறி: எல்லாரும் அநாதை

ஐந்து பேர், ஐந்து அநாதைகள். "நாம் என்ன அநாதை விடுதியா நடத்துகிறோம்?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன். பதிலுக்கு ஒருவர், முன்பு ஆடிய கேம்பெயின்களை, அதாவது வாரக்கணக்கில் ஓடும் தொடர்கதைகளை, வைத்துச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது: "போன கேம்பெயினில் என் தங்கையைக் கடத்தினார்கள் அண்ணா. அதுக்கு முந்தினதில் அப்பாவைக் கொன்றார்கள். இந்தத் தடவை எனக்கு யாருமே வேண்டாம்."

ஆக, சூடு கண்ட பூனை. குடும்பம் என்று எழுதினால் அது ஜிஎம் கையில் சாட்டையாகிவிடும் என்று அனுபவம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. குற்றவாளி பிளேயர் இல்லை.

இதற்கு ஜிஎம்தான் முதலில் இறங்கிவர வேண்டும். நான் கொடுக்கும் வாக்கு: உங்கள் ஆட்களை உங்களுக்கு ஒரு வாய்ப்புக்கூடத் தராமல் கொல்ல மாட்டேன். இது என் சொந்தச் சரக்கு இல்லை. கால் ஆஃப் குதுலு ஆட்டத்தின் ஏழாம் பதிப்பில் இப்படி ஒரு விதி இருக்கிறது. பிளேயர் தன் முன்கதையிலிருந்து ஓர் ஆளையோ இடத்தையோ பொருளையோ 'முக்கிய இணைப்பு' என்று குறித்துவைப்பார். பாத்திரம் இழந்த மனத்தெளிவை மீட்டுக்கொள்ள அது உதவும். அதை அழிப்பதற்கு முன், காப்பாற்றிக்கொள்ளப் பிளேயருக்கு ஒரு பகடை வாய்ப்பாவது ஜிஎம் தந்தே ஆக வேண்டும். திகில் ஆட்டத்திலேயே இந்த மரியாதை இருக்கிறதென்றால் மற்ற ஆட்டங்களுக்கு என்ன கேடு?

இரண்டாவது, உறவுக்காரர்கள் முதல் இரண்டு முறை வரும்போது நல்லதோடு வரட்டும். தகவல், தங்க இடம், பாட்டியின் பழைய மருந்துச் சிமிழ். மூன்றாவது முறை தொல்லையோடு வந்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். தொல்லையும் ரத்தக்களரியாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் மந்திரவாதிக்கு அவன் அம்மா ஒரு கடிதம் போட்டாள்: "எதிர்வீட்டுப் பையன் படைத்தலைவன் ஆகிவிட்டான். நீ இன்னும் புத்தகம்தான் படிக்கிறாயாமே." டிராகனுக்கு அஞ்சாதவன் அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று கால் மணி நேரம் தவித்தான்.

அறிகுறி: முன்கதையில் போர்வீரன், ஆட்டத்தில் கோப்ளினிடம் அடி வாங்குகிறான்

"ஏழு போர்களில் வென்ற மாமந்திரவாதி" என்று எழுதியிருக்கும். லெவல் 1. உயிர்ப்புள்ளி 7. 2014 பதிப்பில் சாதாரணக் கோப்ளின், அதாவது கடைநிலைக் குட்டி அரக்கன், ஒரு நல்ல வெட்டு வெட்டினால் 8 போகும். மாமந்திரவாதி மல்லாந்து கிடப்பார், மற்றவர்கள் சிரிப்பை அடக்குவார்கள்.

அவர் எழுதியதை அழிக்கச் சொல்லாதீர்கள். சின்னதாக ஒரு திருகு திருகினால் போதும். ஏழு போரில் இருந்தான், ஆனால் சமையற்கட்டில். அல்லது ஊர் அவனை வேறொருவன் என்று தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அல்லது சக்தியை எதற்கோ அடகு வைத்துவிட்டான், மீட்க வேண்டும். கடைசியாகச் சொன்னது நல்ல கேம்பெயினுக்கே விதை. இது எதுவும் ஒத்துவரவில்லை என்றால் லெவல் 5-இல் ஆரம்பியுங்கள், தீர்ந்தது.

அறிகுறி: ஒருவர் கதை ஓடுகிறது, மற்றவர்கள் மைக்கை மூடிவிட்டார்கள்

இதில் நான் வசமாக மாட்டியிருக்கிறேன். வீட்டைவிட்டு ஓடிவந்த பிரபுவின் மகள் ஒரு பாத்திரம். முன்கதை அருமை, ஆடியவரும் நன்றாக நடிப்பார். அவள் அரண்மனைக்குத் திரும்பும் காட்சிக்கு நான் ஒரு வாரம் தயார் செய்திருந்தேன். அப்பா, மகள், அழுகை, பழைய கணக்கு. ஒன்றரை மணி நேரம் எங்கள் இருவருக்கும் நேரம் போனதே தெரியவில்லை. சாட்டில் ஒரு வரி வந்தது: "நான் சாப்பிட்டுவிட்டு வரட்டுமா?" மேலே பார்த்தால் நாலு பேரின் மைக்கும் மூடிக் கிடக்கிறது.

நேரில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் பத்தாவது நிமிடத்திலேயே முகங்கள் காட்டிக்கொடுத்திருக்கும். இணையத்தில் அந்த வசதி இல்லை. சலிப்பும் மரியாதையான கவனிப்பும் இங்கே ஒரே மாதிரி அமைதியாகத்தான் இருக்கும். அதனால் சனிக்கிழமை மூன்று மணி நேரத்தில் ஒருவரின் சொந்தக் காட்சிக்கு இப்போது இருபது நிமிடம்தான் ஒதுக்குகிறேன். போனில் அலாரம் வைக்கிறேன், வெட்கமே இல்லை.

அதைவிடப் பலன் தந்தது வேறு. காட்சியில் வரும் மற்ற ஆட்களைச் சும்மா இருக்கும் பிளேயர்களிடமே கொடுத்துவிடுவது. அடுத்த தடவை அரண்மனைக்குப் போனபோது, கொல்லன் டோர்கனாக ஆடுபவருக்குத் தனிச்செய்தியில் இப்படி ஒரு துண்டு அனுப்பினேன்: "நீதான் அரண்மனைச் சமையல்காரி. இவளைத் தூக்கி வளர்த்தவள். இவள் பொய் சொன்னால் உனக்குத் தெரிந்துவிடும். பிரபுவுக்கு எதிரே இவளைக் காட்டிக்கொடுக்க மாட்டாய், ஆனால் பின்கட்டில் வைத்துக் காதைத் திருகுவாய்." இன்னொருவர் தம்பி, இன்னொருவர் கணக்குப்பிள்ளை. அன்றைக்கு அந்தச் சமையல்காரிதான் ஆட்டத்தின் நாயகி. டோர்கனாக ஆடுபவர் இத்தனை நாளில் பேசியதைவிட அன்று ஒரு மணி நேரத்தில் அதிகம் பேசினார்.

முளையிலேயே தடுக்க வேண்டுமென்றால், முன்கதை எழுதும்போதே பின்னிவிடுங்கள். ஃபேட் ஆட்டத்தில் உங்கள் பழைய சாகசம் ஒன்றில் இன்னொருவரின் பாத்திரம் வந்துபோனதாக எழுதச் சொல்வார்கள். பிரபுவின் மகள் ஓடிவந்த இரவில் கோட்டைக் கதவின் பூட்டை உடைத்துக் கொடுத்தவன் டோர்கன் என்று ஒரு வரி இருந்திருந்தால், முதல் அரண்மனைக் காட்சியிலேயே பிரபு அவனையும் முறைத்திருப்பார்.

அறிகுறி: ரகசியம் ரகசியமாகவே செத்துப்போயிற்று

"நான் உண்மையில் எதிரி நாட்டு ஒற்றன். யாருக்கும் சொல்லாதீர்கள், சரியான நேரத்தில் உடைக்கிறேன்." சரியான நேரம் வரவே வராது. பதினான்காவது வாரத்தில் ஒருவருக்கு வேலை மாறும், இன்னொருவருக்குக் குழந்தை பிறக்கும், குழு கலைந்துவிடும். இணைய ஆட்டங்களில் பாதியில் நிற்பதுதான் சகஜம். ஆகவே ரகசியத்துக்குப் பால் பாக்கெட் மாதிரி தேதி குத்த வேண்டும். மூன்றாவது செஷனுக்குள் குழுவில் இன்னொருவருக்குப் பாதி தெரிந்திருக்க வேண்டும் என்பது என் விதி. பாதி தெரிந்தவர் முழித்துக்கொண்டே பொய் சொல்வதைப் பார்ப்பது, ரகசியத்தைவிட சுவாரசியம்.

இதற்குத் தலைகீழான விபத்தும் உண்டு: ரகசியம் ஆட்டத்துக்கு முன்பே வெளியே வந்துவிடுவது. ரோல்20-இல் கைக்குறிப்பு, அதாவது ஹேண்ட்அவுட், உருவாக்கும்போது யார் பார்க்கலாம் என்று கேட்கும். அங்கே அந்தப் பிளேயரின் பெயருக்குப் பதில் 'ஆல் பிளேயர்ஸ்' என்பதைத் தொட்டுவிட்டால் முடிந்தது கதை. நான் தொட்டிருக்கிறேன். இப்போது ஜிஎம் மட்டும் பார்க்க வேண்டியதை அதிலேயே இருக்கும் 'ஜிஎம் நோட்ஸ்' கட்டத்தில்தான் எழுதுவேன். அப்புறம் அமைப்புகளில் போய், 'ரீஜாயின் ஆஸ் பிளேயர்' கொடுத்து ஒருமுறை உள்ளே வந்து பார்ப்பேன். என் கண்ணுக்கு அது தெரிந்தால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ரோல்20-க்குப் பதில் ஃபவுண்ட்ரி பயன்படுத்துபவர்கள் குறிப்பேட்டின் உரிமை அமைப்பில், எல்லாருக்குமான பொது வரிசையையும் ஒவ்வொருவருக்கான வரிசையையும் தனித்தனியாகப் பாருங்கள். தவறு அந்தப் பொது வரிசையில்தான் நடக்கும்.

அறிகுறி: ஜிஎம் கை வைத்ததும் பிளேயர் முகம் சுருங்கிவிட்டது

ஒரு துறவிப் பாத்திரத்தின் குருநாதரை வில்லனாக்கினேன். திருப்பம் பிரமாதம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். ஆடியவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்றார். அதற்கடுத்த வாரமும். பிறகு தனியாகப் பேசியபோதுதான் தெரிந்தது: அந்தக் குருநாதரை அவர் தன் தாத்தாவை மனதில் வைத்து எழுதியிருந்தார். தாத்தா காலமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இப்போது அரைப் பக்க முன்கதையின் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு நிறம் போடச் சொல்கிறேன். பச்சை என்றால் கேட்காமலே என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மஞ்சள் என்றால் கேட்டுவிட்டு. சிவப்பு என்றால் அந்த ஆள் நல்லபடியாக இருக்கட்டும், தொடாதே. ஏன் சிவப்பு என்று நான் கேட்பதில்லை.

மஞ்சளைக் கேட்டால் திருப்பம் முன்கூட்டியே தெரிந்துவிடாதா? பொதுவாகக் கேட்டால் தெரியாது. "உன் குருநாதரைப் பற்றிக் கசப்பான ஒரு உண்மை வெளிவந்தால் பரவாயில்லையா?" என்று கேட்பதில் எதுவும் உடைவதில்லை. எந்த உண்மை, எப்போது, யார் வாயால் என்பதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் தவறும். அதற்கு ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு இருக்கிறது: மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஓர் அட்டை; யாருக்காவது காட்சி பிடிக்கவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டாம், காட்சி அங்கேயே மாறும். எங்கள் அறையில் அட்டைக்குப் பதில் சாட்டில் எக்ஸ் என்று ஒரே எழுத்து. எனக்குத் தனியாக அனுப்பினாலும் சரி.

ஏற்கெனவே நடந்துபோய்விட்டது என்றால்? "அந்தக் காட்சி நடக்கவில்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். வந்தது குருநாதர் இல்லை, வேஷம் போட்ட மாயாவி என்று கதைக்குள்ளேயே பூசி மெழுக ஆசை வரும். நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன். அவரிடம் கேட்டபோது, "வேண்டாம், அழித்துவிடுங்கள்" என்றார். அழித்தேன். மூன்றாவது வாரம் வந்தார்.

அறிகுறி: எழுத்து வழி ஆட்டத்தில் ஒவ்வொரு பதிவிலும் ஒரு பழங்கதை

குரல் இல்லாமல் எழுதியே ஆடும் குழுக்களில் இது வரும். கதவைத் திறந்தாயா என்று கேட்டால், கதவு என்றதும் அவனுக்குச் சிறுவயதில் என்று மூன்று பத்தி ஓடும். கதவு திறந்ததா இல்லையா என்பது கடைசிவரை தெரியாது. ஒரு பதிவுக்குப் பழைய காலம் ஒரு வரி, அதுவும் இப்போது செய்யப்போவதை மாற்றினால் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேட்ஸ் இன் த டார்க் ஆட்டத்தில் முன்நிகழ்வுக் காட்சிக்கே விலை உண்டு: சாதாரணமாக நடந்திருக்கக்கூடியது என்றால் இலவசம், கொஞ்சம் சிக்கலானது என்றால் 1 அழுத்தப் புள்ளி, நம்பச் சிரமமானது என்றால் 2 அல்லது அதற்கு மேல். காசு கொடுத்துப் பேச வேண்டும் என்றால் பேச்சு தானாகக் குறையும்.

அறிகுறி: உலகத்தோடு ஒட்டவில்லை

கடற்கொள்ளையர் ஆட்டத்துக்குப் பாலைவன இளவரசன் வந்து நிற்கிறான். பூஜ்ஜியமாவது செஷனில், அதாவது ஆட்டத்துக்கு முன் பேசி வைத்துக்கொள்ளும் அந்த ஒரு மாலையில், உலகத்தைப் பற்றி ஒரு பக்கம் கொடுத்திருந்தால் இது வந்திருக்காது. இப்போது வந்துவிட்டது என்றால், அவருக்கு அதில் எது பிடித்தது என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பாலைவனமாக இருக்காது, நாடிழந்த இளவரசன் என்பதாக இருக்கும். தீவிழந்த இளவரசன் கடலில் தாராளமாகச் சுற்றலாம்.

அறிகுறி: ஆரம்பத்தில் வந்தது, பிறகு மறந்தே போயிற்று

இது முழுக்க ஜிஎம் பக்கத்துப் பழுது. ஒரு தாளில் ஐந்து பேரின் பெயர், பக்கத்தில் அவர்களின் முன்கதையிலிருந்து கடைசியாக எதைத் தொட்டேன், எத்தனையாவது செஷனில் என்று ஒரு எண். வெள்ளிக்கிழமை இரவு தயாரிக்கும்போது சின்ன எண் யாருடையதோ அவருக்கு மறுநாள் ஏதாவது ஒன்று: ஒரு கடிதம், சந்தையில் கேட்ட பழைய பெயர், அவ்வளவு போதும். பெரிய காட்சி வேண்டாம்.

அறிகுறி: பாத்திரம் செத்துவிட்டது, முன்கதை பாக்கி

டோர்கன் இருபத்தி இரண்டாவது செஷனில் செத்தான். மற்றவர்களைத் தப்பிக்க அனுப்பிவிட்டுப் பாலத்தில் தனியாக நின்றான், பகடை கைவிட்டது. ஊர்க் கதவைத் திறந்தது யார் என்பது அவனுக்குத் தெரியாமலே போயிற்று. இந்த மாதிரி நேரத்தில் ஜிஎம்கள் அந்தக் குறிப்பை எடுத்துத் தூரப் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். முன்கதையில் உயிரோடு இருந்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும். புதுப் பாத்திரத்தோடு வருபவரிடம், அந்தப் பழைய ஆட்களில் ஒருவருக்கு வேண்டியவராக வரச் சொல்லுங்கள். கேள்விகள் அப்படியே கைமாறும்.

எங்கள் குழு துறைமுகத்துக்குப் போனது. பிரெனா கடையைத் திறந்து வைத்திருந்தாள். தலையெண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. பிரபுவின் மகள் பையை அவிழ்த்து, பலகையில் 25 பொற்காசை எண்ணி வைத்தாள்.